ஆடாமல் விட்ட ஆட்டம்

நம் வாப்பா மர்ஹூம் அவர்கள் வணிகத்தின் பொருட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போய்வந்த காலத்துக் கடவுச்சீட்டு ஒன்று இன்றும் நம் வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கிறது. அட்டை வெளிறிவிட்டது, முத்திரைகள் பலவும் மங்கிவிட்டன. ஆயினும், அச்சீட்டு செல்லத்தக்க நாடுகளைக் குறிக்கும் பக்கத்தில், தென்னாப்பிரிக்கக் குடியரசு நீங்கலாக என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அமைந்த வாசகம் மட்டும் தெளிவாக நிற்கிறது. சிறுவராக இருந்தபோது அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அந்த நாட்டுக்காரங்க நம்மள உள்ளே விடமாட்டாங்களா, வாப்பா?" என்று கேட்டோம். "அவங்க அடைச்ச கதவு இல்லே தம்பி, நாம அடைச்ச கதவு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

பின்னர் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த நாளில், வியாழன் இரவுதோறும் நடைபெறும் மாணவர் பேச்சு மன்றத்தில், 'விளையாட்டில் அரசியல் கலக்கலாமா?' என்னும் தலைப்பு வந்தது. கூடாது என்னும் கட்சி நமக்குக் கிடைத்தது. விளையாட்டு மனித குலத்தின் பொதுச்சொத்து, ஆடுகளம் பகைமை நுழையக் கூடாத திருமுற்றம் என்றெல்லாம் அடுக்குமொழியில் முழங்கிக் கைதட்டலும் பெற்று அமர்ந்தோம். தலைமை வகித்த உஸ்தாத் அவர்கள் முடிவுரையில் நம்மைப் பார்த்து, "கலக்கக் கூடாது என்று நன்றாகப் பேசினீர். முதலில் கலந்தவன் யார் என்பதைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டீரே!" என்றார்கள். மன்றம் சிரித்தது. நமக்கு விடை தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றுள் சிலவற்றை ஈண்டுப் பகிர்ந்துகொள்கிறோம்.

அரபு அகராதிகளைப் புரட்டுவோர் ஒரு வேடிக்கையைக் காண்பர். அரசியலைக் குறிக்கும் 'சியாஸத்' என்னும் சொல்லின் வேர், குதிரையைப் பேணிப் பழக்குதலையும் குறிப்பது. வடபுலத்தார் குதிரைக்காரனை 'சாயிஸ்' என்று அழைக்கிறார்களே, அச்சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். அரசியலும் பந்தயக் குதிரையும் ஒரே லாயத்தில் வளர்ந்திருக்க, அவ்விரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று நாம் மன்றத்தில் முழங்கினோம்! இது சொல்விளையாட்டு, போகட்டும். வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

உலக விளையாட்டு அரங்குகளில் அரசியல் எதிர்ப்புக் குரல் எழுந்தது அண்மைக் காலத்துச் செய்தியன்று. 1906ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரத்துப் போட்டியில் நீளத்தாண்டலில் இரண்டாமிடம் பெற்ற பீட்டர் ஓக்கானர் என்னும் அயர்லாந்துக்காரர், தம் வெற்றிக்காகப் பிரிட்டிஷ் கொடி ஏற்றப்பட்டதைப் பொறாதவராய்க் கொடிக்கம்பத்தில் ஏறித் தம் நாட்டுப் பச்சைக் கொடியை அசைத்தார். 1956இல் சூயஸ் படையெடுப்பைக் கண்டித்து எகிப்தும் இராக்கும் லெபனானும் மெல்போர்ன் ஒலிம்பிக்கிலிருந்து விலகின. 1968இல் மெக்சிகோ நகரில் இருநூறு மீட்டர் ஓட்டத்தில் வென்ற டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை அணிந்த கரங்களை உயர்த்தித் தலைகுனிந்து நின்ற காட்சியை அறியாதார் சிலரே. இரண்டாமிடம் பெற்று அவர்களோடு நின்ற வெள்ளையரான பீட்டர் நார்மன், தாமும் அதே மனித உரிமைச் சின்னத்தை நெஞ்சில் அணிந்திருந்தார் என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகின்றனர்.

இவற்றையெல்லாம் விரிக்கப் புகுந்தால் ஏடு போதாது. நம் கருத்தை ஈர்ப்பது வேறொரு வகை எதிர்ப்பு. மேடையில் ஏறிக் கையை உயர்த்த வேண்டுமானால் முதலில் மேடை ஏற வேண்டும். ஓட்டத்தில் கலந்துகொள்ளவே இடமற்றவன் எங்கே போய்க் கையை உயர்த்துவான்? தென்னாப்பிரிக்காவின் கறுப்பர், இந்தியர், மலாய்க்காரர், கலப்பினத்தார் ஆகியோரின் நிலை அதுவாக இருந்தது. அவர்களுக்காக உலகம் கைக்கொண்ட வழி ஆடாமல் விடுவது.

அங்கே களத்தில் நிறத்தைக் கலந்தவர் யார்? 1894ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி முதன்முதலாக இங்கிலாந்து செல்லப் புறப்பட்டது. மலாய் அணிக்காக ஆடி, ஆங்கில ஆட்டக்காரர்களே அஞ்சிய வேகப்பந்து வீச்சாளர் ஹென்ரிக்ஸ் என்பவரின் பெயர் பட்டியலுக்கு வந்தபோது, அவர் நிறத்தின் காரணமாக அது அடிக்கப்பட்டது. அப்போது கேப் குடியேற்றத்தின் பிரதமராக இருந்தவர் செசில் ரோட்ஸ். வழக்கமாக இருந்த இந்த அநீதியை 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி கொள்கையாக்கியது. 1956இல் உள்துறை அமைச்சர் டோங்கெஸ் அதை வெளிப்படையாகவே அறிவித்தார்: வெள்ளையரும் மற்றவரும் விளையாட்டைத் தனித்தனியே நடத்திக்கொள்ள வேண்டும், கலப்பு அணி கூடாது, வெளிநாட்டிலிருந்து வருவோரும் இந்நாட்டு வழக்கத்தை மதிக்க வேண்டும். உஸ்தாத் அவர்களின் கேள்விக்கு விடை, ஆண்டும் பெயரும் சேர்த்து இங்கேயே கிடக்கிறது.

அவ்வறிவிப்பு நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு காட்சி போதும். டர்பன் நகரத்து சேவ்சங்கர் சேவ்கோலம் என்னும் இந்திய வம்சாவளியினர், 'பாப்வா' என்று செல்லமாக அழைக்கப்பட்டவர். பள்ளிப் படிப்பு அறியாதவர். கால்ஃப் மைதானத்தில் பிறருடைய மட்டைப் பைகளைச் சுமந்து வயிறு வளர்த்தவர். இரு கைகளையும் மாற்றிப் பிடிக்கும் விந்தையான பாணியில் தாமே ஆட்டத்தைக் கற்று, 1959இலும் 1960இலும் ஹாலந்து நாட்டுப் போட்டியில் வென்று திரும்பினார். 1963இல் அவர் பிறந்த மண்ணிலேயே நேட்டால் போட்டியிலும் வெற்றி பெற்றார். வெள்ளை ஆட்டக்காரர்கள் மாளிகைக்குள் அமர்ந்திருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்றவாறு கோப்பையை வாங்கிக்கொண்டார். உள்ளே நுழைய அவருக்குச் சட்டம் இடந்தரவில்லை. அந்நிழற்படம் உலகைச் சுற்றி வந்தது. 1965இல் அதே போட்டியில் உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையும் வென்றார். அதன்பின் அவர் ஆடவே இயலாதவாறு அரசு தடைகளை விதித்தது. 1978இல் வறுமையில் மறைந்தார்.

எதிர்ப்பின் முதல் வெற்றி, பலரும் எண்ணாத ஒரு மூலையில் கிடைத்தது. 1956இல் அனைத்துலக மேசைப்பந்துக் கூட்டமைப்பு, வெள்ளையர் சங்கத்தை விலக்கி, நிறபேதமற்ற சங்கத்தைத் தென்னாப்பிரிக்காவின் பிரதிநிதியாக ஏற்றது. மறு ஆண்டு ஸ்டாக்ஹோம் உலகப் போட்டிக்கு அவ்வணியினர் சென்றும் வந்தனர். அடுத்த முறை செல்ல முனைந்தபோது அரசு அவர்களுக்குக் கடவுச்சீட்டு வழங்க மறுத்துவிட்டது. ஆசிரியரும் கவிஞருமான டென்னிஸ் புரூட்டஸ் போன்றோர் ஒலிம்பிக் அரங்கின் கதவைத் தட்டினர். புரூட்டஸ் 1963இல் காவலர் பிடியிலிருந்து தப்ப முயன்றபோது முதுகில் சுடப்பட்டு, பிழைத்தெழுந்து, ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அதே தீவில்தான் 1780களில் திடோரே நாட்டு ஞானி துவான் குரு அவர்கள் டச்சுக்காரரால் சிறைவைக்கப்பட்டார்கள். திருக்குர்ஆனை ஏட்டின் துணையின்றி நினைவிலிருந்தே எழுதினார்கள் என்பது கேப் முஸ்லிம்கள் போற்றிச் சொல்லும் செய்தி. புரூட்டஸ் முதலியோரின் உழைப்பு வீண்போகவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தென்னாப்பிரிக்கா அழைக்கப்படவில்லை. 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே நீக்கப்பட்டது.

ஆயினும் சாமானிய மக்களின் நெஞ்சில் இச்செய்தியைத் தைத்தவர் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர். பெசில் டொலிவேரா 1931இல் கேப்டவுன் நகரில் பிறந்த கலப்பினக் கிறிஸ்தவர். அவர் வளர்ந்த சிக்னல் குன்றின் சரிவுதான் மலாய் முஸ்லிம்களின் பழங்குடியிருப்பும். (நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்தது போல், அம்மக்கள் ஆப்பிரிக்கான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதி நூல்கள் செய்தனர். வெள்ளையர் தம் தனிமொழி என்று உரிமை கொண்டாடிய மொழிக்கு மதரஸாச் சிறுவர்கள் அலிஃப் பே கொண்டு உருக்கொடுத்தனர். அதைத் தனியே எழுத வேண்டும்.) அச்சரிவின் தெருக்களிலும் கரடுமுரடான திடல்களிலும் டொலிவேரா மட்டையடிக்கக் கற்றார். வெள்ளையர் அல்லாதாரின் தேசிய அணிக்குத் தலைவருமானார்.

இவ்விடத்தில் வாசகர் ஒரு செய்தியைக் கருத்திற் கொள்ள வேண்டும். 1959இல் மேற்கிந்தியத் தீவுகளின் பெருவீரர் பிராங்க் வொரல், கறுப்பர் அணியொன்றை அழைத்துவந்து தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் அல்லாத அணிகளுடன் மட்டும் ஆட ஏற்பாடாயிற்று. டொலிவேராவின் வாழ்நாள் கனவு அது. ஆனால் புரூட்டஸும் தோழர்களும் குறுக்கே நின்றனர். தனித்தனியே ஆடுவது டோங்கெஸின் கொள்கைக்கு நாமே கைச்சாத்திடுவதாகும் என்பது அவர்கள் வாதம். பயணம் கைவிடப்பட்டது, டொலிவேரா மனம் உடைந்தார். பின்னாளில் நிறவெறியின் கோட்டையைத் தகர்க்கும் கருவியாக அமைந்த அம்மனிதர், எதிர்ப்பு இயக்கத்தால் முதலில் காயப்பட்டவராகவும் இருந்தார். எதிர்ப்பின் விலையை எதிரியைவிட நம்மவரே முன்னதாகச் செலுத்த நேர்கிறது என்பதை எழுதும்போது நம் பேனா தயங்கத்தான் செய்கிறது. எனினும் புரூட்டஸ் சொன்னது சரி என்றே நாம் கருதுகிறோம்.

டொலிவேரா, பிரிட்டிஷ் வானொலியில் கேட்டறிந்த கிரிக்கெட் வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டுக்குக் கடிதம் எழுதினார். அவர் முயற்சியால் இங்கிலாந்தின் மிடில்டன் சங்கத்தில் இடம் கிடைத்தது. பயணச் செலவுக்குக் கேப்டவுன் சுற்றத்தாரும் நண்பர்களும் பணம் திரட்டினர். 1960இல் லண்டன் வந்திறங்கியவர், வெள்ளையர் தமக்கு உணவு பரிமாறுவதைக் கண்டு திகைத்தார். தம் வயதைச் சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சி மூன்று ஆண்டுகளைக் குறைத்துச் சொல்லிவந்தார். 1966இல் இங்கிலாந்தின் டெஸ்ட் அணியில் இடம்பெற்றபோது உண்மை வயது முப்பத்து நான்கு. நிறவெறி ஒரு மனிதனின் இளமையைத் திருடுவதோடு நில்லாமல் அவனைப் பொய்யும் சொல்ல வைத்தது.

1968 ஆகஸ்டு. குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி தென்னாப்பிரிக்கா செல்ல வேண்டும். டொலிவேராவைச் சேர்த்தால் என்ன நேரும் என்று இரு நாட்டாரும் திரைமறைவில் பேசிக்கொண்டிருந்தனர். தாமாகவே ஒதுங்கிக்கொண்டால் ஆண்டுக்கு நாலாயிரம் பவுன் ஊதியத்தில் தென்னாப்பிரிக்காவில் பயிற்சியாளர் பணி என்று ஆசை காட்டியும் பார்த்தார்கள். டொலிவேரா அதை ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான கடைசி டெஸ்டில், வேறொருவர் விலகியதால் அவருக்கு இடம் வந்தது. ஓவல் மைதானத்தில் அவர் 31 ஓட்டங்கள் எடுத்திருந்தபோது கொடுத்த பிடியை ஆஸ்திரேலிய விக்கெட் காப்பாளர் ஜார்மன் நழுவவிட்டார். அந்தப் பந்து கையில் தங்கியிருந்தால் வரலாறு எவ்வழி சென்றிருக்குமோ! டொலிவேரா 158 ஓட்டங்கள் குவித்தார். இறுதி நாளில் மழைநீர் தேங்கிய திடலைப் பார்வையாளரும் சேர்ந்து துடைத்துக் கொடுக்க, அதே ஜார்மனை அவரே ஆட்டமிழக்கச் செய்து ஆங்கில வெற்றிக்கு வழிதிறந்தார்.

சில நாட்களில் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கான அணி அறிவிக்கப்பட்டது. அவர் பெயர் இல்லை. தேர்வாளர்கள் ஆட்டத்திறமை ஒன்றையே பார்த்ததாகச் சொன்னார்கள். 158 ஓட்டங்களைப் பார்க்காத கண்கள் எதைப் பார்த்தன என்று பாமரரும் கேட்டனர். செப்டம்பரில் கார்ட்ரைட் என்னும் ஆட்டக்காரர் காயத்தால் விலக, மக்கள் குரலுக்குச் செவிசாய்த்து டொலிவேராவைச் சேர்த்தார்கள். மறுநாளே தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர், இது கிரிக்கெட் அணியன்று, நிறவெறி எதிர்ப்பாளரின் அணி என்று கூறி வரவேற்க மறுத்தார். செப்டம்பர் 24ஆம் நாள் பயணம் கைவிடப்பட்டது. அரசியலைக் கலவாதீர் என்று பிறருக்கு ஓதிவந்தவர்கள், ஒரு நாட்டின் பிரதமரே அடுத்த நாட்டின் ஆட்டக்காரர் பட்டியலைத் திருத்துவதை அன்று கண்ணாரக் கண்டார்கள்.

1970இல் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்து வரவிருந்தபோது, பீட்டர் ஹெய்ன் என்னும் மாணவர் முன்னின்று நடத்திய கிளர்ச்சியால் அப்பயணம் நின்றது. 1971இல் ஆஸ்திரேலியாவும் அவ்வாறே செய்தது. அவ்வாண்டு ஏப்ரலில் கேப்டவுனின் நியூலண்ட்ஸ் மைதானத்தில் வெள்ளை ஆட்டக்காரர்களே ஒரேயொரு பந்து வீசப்பட்டதும் திடலைவிட்டு வெளியேறி, திறமை ஒன்றே தேர்வுக்கு அளவாக வேண்டும் என்று அறிக்கை தந்தனர். பாராட்டத்தக்கதே. ஆயினும் தங்கள் சுற்றுப்பயணம் பறிபோகும் வேளையில்தான் அந்த ஞானோதயம் பிறந்தது என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

அம்மண்ணிலேயே இருந்துகொண்டு எதிர்ப்பைக் கட்டிக் காத்தவர் கேப்டவுனின் மர்ஹூம் ஹஸன் ஹோவா. வெள்ளையர் அல்லாதாரின் கிரிக்கெட் வாரியத்துக்கும், 1973இல் உருவான தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றத்துக்கும் தலைமை ஏற்றவர். இயல்பற்ற சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்னும் முழக்கம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஒரு கறுப்பரை அணியில் சேர்க்கிறோம், இரண்டு இந்தியரைச் சேர்க்கிறோம் என்று அரசு பேரம் பேச வந்தபோதெல்லாம், ஆட்டம் முடிந்ததும் அவ்விருவரும் எந்த இரயில் பெட்டியில் ஏறுவர், எந்தத் தெருவில் குடியிருப்பர் என்பதே அவர் எழுப்பிய வினா. இக்கண்டிப்பின் விலையும் பெரிது. வெள்ளையர் சங்கத்தோடு ஆடப்போனவரை அவ்வியக்கம் ஒதுக்கிவைத்தது. ஸ்டெல்லன்போஷ் ஊரைச் சேர்ந்த உமர் ஹென்றி என்னும் முஸ்லிம் சுழற்பந்து வீச்சாளர், தம் திறமைக்கு வேறு களமில்லை என்று அப்பக்கம் சென்றபோது, சொந்தச் சமூகத்தாரே அவரைத் துரோகி என்றனர். அவரைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. ஹோவாவைக் குறைகூறவும் எழவில்லை.

இனி நம் நாட்டின் பங்கைச் சொல்ல வேண்டும். 1906 செப்டம்பர் 11ஆம் நாள் ஜொகன்னஸ்பர்க் நகரத்து எம்பயர் நாடகக் கொட்டகையில் இந்தியர் கூடியபோது, அநீதியான சட்டத்துக்குப் பணியோம் என்று இறைவனைச் சாட்சியாக்கி உறுதி மொழிந்த ஹாஜி ஹபீப் அவர்களின் சொல்லிலிருந்துதான் காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் முளைத்தது. அப்போரில் சிறை சென்று 1914இல் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழகம் அறியும். ஆகவே 1946இல் இந்தியா, விடுதலை பெறுவதற்கு முன்பே, தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவை முறித்து, அங்குள்ள இந்தியரின் நிலையை ஐக்கிய நாடுகள் சபையில் எழுப்பியது. வாப்பா சொன்ன அடைத்த கதவின் கதை இதுதான்.

அக்கதவைத் தட்டி ஒரு சோதனை வந்த ஆண்டு 1974. டென்னிஸ் உலகில் நாடுகளுக்கிடையே நடக்கும் தலையாய போட்டி டேவிஸ் கோப்பை. 1900இல் தொடங்கிய அப்போட்டியில் அதுவரை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, ஆஸ்திரேலியா என்னும் நான்கு நாடுகளைத் தவிர வேறெவரும் கோப்பையைத் தொட்டதில்லை. 1966இல் நம் சென்னையின் இராமநாதன் கிருஷ்ணன் இந்திய அணியை இறுதிவரை கொண்டுசென்று, ஆஸ்திரேலியாவிடம் தோற்றுத் திரும்பினார். எட்டாண்டு கழிந்தது. சென்னைச் சகோதரர்களான விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அணியின் தூண்களாயினர். மே மாதத்தில் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவைச் சந்தித்தார்கள். நாட்கணக்கில் நீண்ட அம்மோதலில் மொத்தம் 327 கேம்கள் ஆடப்பட்டன. 3க்கு 2 என்னும் கணக்கில் இந்தியா வென்றது. செப்டம்பரில் புனே நகரில் சோவியத் அணியையும் வீழ்த்தி இறுதியாட்டத்துக்குத் தகுதி பெற்றது. விஜய்க்கு வயது இருபதுதான். முந்தைய ஆண்டில் விம்பிள்டனிலும் அமெரிக்கப் போட்டியிலும் காலிறுதி கண்டவர். கோப்பை கைக்கெட்டும் தொலைவில் நின்றது.

மறுபக்கத்தில் இறுதிக்கு வந்தது தென்னாப்பிரிக்கா. அமெரிக்கக் கறுப்பின வீரர் ஆர்தர் ஆஷுக்கு நுழைவு அனுமதி மறுத்த பின்னர் இப்போட்டியிலிருந்து விலக்கப்பட்டிருந்த அந்நாடு, மீண்டும் உள்ளே விடப்பட்டிருந்தது. இந்தியா ஆடுவதில்லை என்று முடிவு செய்தது. ஒரு பந்தும் அடிக்கப்படாமல் டேவிஸ் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. கோப்பையின் பீடத்தில் ஆண்டுதோறும் வென்ற நாட்டின் பெயரைப் பொறிப்பது மரபு. 1974க்கு நேரே தென்னாப்பிரிக்காவின் பெயரே இன்றும் இருக்கிறது.

இம்முடிவால் நிறவெறி அரசு மறுநாளே வீழ்ந்துவிட்டதா என்று கேட்போர் உண்டு. இல்லை, அதற்குமேல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. ஆடி வென்று காட்டியிருந்தால் அதுவே சிறந்த பதிலடியாகாதா என்பாரும் உண்டு. நம் இளைஞர்கள் வென்றிருக்கவும் கூடும். ஆனால் சேவ்கோலம் மழையில் நின்ற நாட்டோடு கைகுலுக்கி ஆடிவிட்டு, வென்ற பின் மட்டும் கோட்பாடு பேசுவது எப்படி? டர்பனிலும் கேப்டவுனிலும் இருந்த நிறபேதமற்ற சங்கத்தார் உலகை நோக்கிக் கேட்டது ஆடாதீர்கள் என்பதைத்தான். பாதிக்கப்பட்டோரே கேட்டார்கள், கேடும் ஆடுகளத்துக்குள்ளேயே இருந்தது. ஆப்கானிஸ்தானுக்காக மாஸ்கோவை அமெரிக்கா ஒதுக்கியதையும், அதற்குப் பழியாக லாஸ் ஏஞ்சல்ஸைச் சோவியத் நாடு ஒதுக்கியதையும் இதனோடு ஒரே தட்டில் வைத்து நிறுப்பார், 1980, 1984ஆம் ஆண்டுகளின் செய்தித்தாள்களை ஒருமுறை புரட்டுவது நல்லது. அங்கே வல்லரசுகளின் சண்டைக்கு ஓட்டக்காரர்கள் பணயப் பொருளானார்கள்.

முடிவு சரி என்று சொல்லிவிட்டதால் கணக்கு தீர்ந்துவிடாது. முடிவெடுத்தவர்கள் அரசினரும் சங்கத்தாரும். கோப்பையை இழந்தவர்களோ கல்கத்தாவில் வியர்வை சிந்திய இளைஞர்கள். அவர்களுக்கு நாம் என்ன செய்தோம்? ஒரு பட்டயம்? ஒரு நினைவு நாள்? ஒலிம்பிக் பதக்கத்துக்குக் கோடிகளை வாரி வழங்கும் நாட்டில், நாட்டின் சொல்லைக் காக்கப் பதக்கத்தைத் துறந்தோருக்கு ஒரு வரிசை இல்லை. 1987இல் அதே சகோதரர்கள், இராமநாதன் கிருஷ்ணனின் மைந்தர் ரமேஷுடன் சேர்ந்து மீண்டும் ஓர் இறுதியாட்டம் கண்டார்கள். ஸ்வீடன் நாட்டு கோத்தன்பர்க் நகரில் 5க்கு 0 என்று தோற்றார்கள். நாம் மன்றத்தில் முழங்கிய ஆண்டும் அதுவே. பதின்மூன்று ஆண்டுக்கு முன் விட்டுக்கொடுத்ததன் அருமை அன்றைய செய்தித்தாளைப் படித்தபோதுதான் நமக்கு உறைத்தது.

இத்தகைய இழப்பைச் சுமந்தவர் இந்தியர் மட்டுமல்லர். 1976 ஜூனில் சொவேட்டோ மாணவர்கள் சுடப்பட்டு மாண்ட சில நாட்களில், நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்கா சென்று ஆடியது. அதைக் கண்டித்து இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகள், மாண்ட்ரீல் ஒலிம்பிக்கிலிருந்து வெளியேறின. 1500 மீட்டரில் உலகச் சாதனை படைத்திருந்த தான்சானியாவின் ஃபில்பர்ட் பாயி ஓடவில்லை. அப்போட்டியில் தங்கம் வென்றவர் ஜான் வாக்கர், நியூசிலாந்துக்காரர். யாருடைய செயலைக் கண்டித்து பாயி ஒதுங்கினாரோ, அந்நாட்டார் கையிலேயே பதக்கம் போய்ச் சேர்ந்தது.

1980களில் தென்னாப்பிரிக்க வெள்ளையர் சங்கம் பணப்பையை அவிழ்த்தது. இங்கிலாந்தின் கூச் முதலியோர் 1982இல் இரகசியமாகச் சென்றனர். மூன்றாண்டுத் தடை பெற்றனர். அதே ஆண்டு இலங்கையின் முதல் டெஸ்ட் தலைவரான பந்துல வர்ணபுர முதலியோர் சென்றனர். இருபத்தைந்து ஆண்டுத் தடை. 1983இல் மேற்கிந்தியத் தீவினர் சென்றனர், வாழ்நாள் தடை. பின்னவை காலம் முடியுமுன் நீக்கப்பட்டன எனினும், பணக்கார நாட்டான் செய்த குற்றத்துக்கு மூன்றும், ஏழை நாட்டான் செய்த அதே குற்றத்துக்கு இருபத்தைந்தும் ஆனதில் நீதியின் தராசு ஆடியதா என்பது சிந்திக்கத்தக்கது. தம் மக்களுக்கு அவமானம் தேடுவது பெருங்குற்றம் என்று கருதி ஏழை நாடுகள் கண்டிப்பைக் கூட்டின என்றும் கொள்ளலாம். எப்பெருந்தொகைக்கும் மசியாத விவியன் ரிச்சர்ட்ஸ் போன்றோரும் அத்தீவுகளில்தான் இருந்தனர்.

1990இல் நெல்சன் மண்டேலா விடுதலையானார். மறு ஆண்டு, அனைத்துலகக் கிரிக்கெட் மன்றத்தில் தென்னாப்பிரிக்காவை மீண்டும் சேர்க்க முன்மொழிந்த நாடு இந்தியா. கதவை முதலில் அடைத்த நாடே முதலில் திறந்தது. 1991 நவம்பர் 10ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் அவ்வணி தன் மறுபிறப்பின் முதல் ஆட்டத்தை ஆடியது, இந்தியா வென்றது. 1992இல் முகம்மது அஸ்ஹருத்தீன் தலைமையில் நம் அணி அங்கே சென்றபோது, டர்பனில் தென்னாப்பிரிக்காவுக்காகத் தம் முதல் டெஸ்டை ஆடினார் உமர் ஹென்றி. அப்போது அவருக்கு வயது நாற்பது. பந்துவீச்சாளன் ஒருவன் ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கும் வயது.

டொலிவேரா இங்கிலாந்திலேயே வாழ்ந்து, 2011 நவம்பரில் மறைந்தார். இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் மோதும் டெஸ்ட் தொடருக்கு அவர் பெயராலேயே கோப்பை அமைக்கப்பட்டிருக்கிறது. அக்கோப்பைக்கான தொடர் ஒன்றின் டெஸ்ட் ஆட்டம் 2012 ஜூலையில், ரமலான் மாதத் தொடக்க நாட்களில், ஓவல் மைதானத்தில் நடந்தது. டர்பனில் இந்திய வம்சாவளி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஹாஷிம் ஆம்லா, தென்னாப்பிரிக்காவின் சட்டை அணிந்து அங்கே மட்டையெடுத்தார். இரண்டு நாட்களுக்கு மேலாகவும் அவரை ஆட்டமிழக்கச் செய்ய இங்கிலாந்தால் இயலவில்லை. 311 ஓட்டங்கள். தென்னாப்பிரிக்கர் ஒருவர் டெஸ்டில் முந்நூறைத் தாண்டியது அதுவே முதன்முறை. டொலிவேரா 158 ஓட்டங்கள் எடுத்ததும் அதே திடலில்தான். அவர் இறந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன.